பச்சையவுருமணிக்குள் இலத்திரன் ஓடுவதைக் காண: பயறு இலை, நீலச் சாயம், சோளன் இலை

ஒளித்தொகுப்பின் ஒளித்தாக்கத்தில் நீரிலிருந்து புறப்படும் இலத்திரன் இரண்டு ஒளித்தொகுதிகளையும் கடந்து, பெரெடொக்சின் என்ற சிறு இரும்புப் புரதத்தின் கைக்கு வந்து, அங்கிருந்து என்.ஏ.டி.பி என்ற துணைநொதியத்தில் ஏறி அதை என்.ஏ.டி.பி.எச் ஆக்குகிறது. வினாத்தாளில் எழுத இது போதும். கண்ணால் காண்பதுதான் கடினம். என்.ஏ.டி.பி.எச்சுக்கு நிறமில்லை, 340 நனோமீற்றர் ஒளியை அது உறிஞ்சுவதை வைத்துத்தான் அளக்கலாம். இலையை அரைத்தால் பச்சையவுருமணிகளின் உறை கிழிந்து பெரெடொக்சினும் துணைநொதியமும் கரைசலோடு போய்விடும். மிஞ்சுவது தைலக்கொயிட்டு மென்சவ்வு, அதாவது ஒளித்தொகுதிகள் பதிந்திருக்கும் உள்மென்சவ்வு. அந்த மென்சவ்வுக்கு இலத்திரனை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும்.

பிரித்தெடுத்த பச்சையவுருமணிகளுக்கு பெரிக்கு உப்பைக் கொடுத்தால் ஒளியில் ஒட்சிசனை வெளிவிடும் என்று ரொபர்ட் ஹில் 1937இல் காட்டினார். இன்று பெரிக்கு உப்பின் இடத்தில் டி.சி.பி.ஐ.பி என்ற நீலச் சாயத்தைப் போடுகிறோம். இலத்திரன் ஏறினால் நிறம் போய்விடும். இதன் தாழ்த்தேற்ற அழுத்தம் (இலத்திரனை ஏற்கும் நாட்டத்தின் அளவு) ஏறத்தாழ +0.22 வோல்ட், என்.ஏ.டி.பியினது −0.32 வோல்ட். ஆகவே துணைநொதியத்தைவிடச் சாயம் மிக இலகுவாகத் தாழ்த்தப்படும். பரிசோதனை எளிதாவதும் ஏமாற்றுவதும் இதே காரணத்தால்தான். இலைச்சாற்றிலுள்ள விற்றமின் சியும் இந்தச் சாயத்தை நிறம் நீக்கும், அதற்கு ஒளி தேவையில்லை. இருட்டுக் குழாய் வைக்காமல் எடுத்த முடிவு எதுவும் முடிவல்ல.

கீழே இரண்டு வேலைகள் உள்ளன. முதலாவதை உயர்தர ஆய்வுகூடத்தில் செய்யலாம். இரண்டாவதுக்கு 340 நனோமீற்றர் படிக்கும் ஒளிமானி வேண்டும், அது பல்கலைக்கழக ஆய்வுகூட வேலை.

எந்த இலை

நூல்களில் ஸ்பினாச் என்று இருக்கும். அது மட்டக்களப்புச் சந்தையில் கிடைப்பதில்லை. அதற்குப் பதில் என்று பசளியை எடுத்தால் அரைக்கும்போதே வழுவழுப்பு இறங்கி, வடிதுணி அடைத்துக்கொள்ளும். முருங்கையில் விற்றமின் சி ஏராளம், இருட்டிலேயே நீலம் போய்விடும். சிவப்புக் கீரையின் நிறம் நீரில் கரைந்து வந்து சாயத்தின் நிறத்தை மறைக்கும். மரவள்ளி இலை நார். அதோடு அரைத்தால் சயனைட்டும் வெளிவரும், வேண்டாம்.

சிறந்தது பயறு நாற்று. தும்புத்தூள் நிரப்பிய தட்டில் ஊறவைத்த பயற்றை நெருக்கமாக விதைத்து, வெளிச்சமான நிழலில் வையுங்கள். 8 முதல் 10 நாட்களில் விரியும் முதற்சோடி இலைகள் மென்மையானவை, நாரும் பீனோல் சேர்வைகளும் குறைவு. 10 கிராம் இலைக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டளவு நாற்று போதும். முதல் நாள் மாலையே தட்டை இருட்டறைக்குள் வைத்துவிடுங்கள். பகல் முழுக்க ஒளி பெற்ற இலையில் மாப்பொருள் மணிகள் சேர்ந்திருக்கும், மையநீக்கியில் சுற்றும்போது அவை பச்சையவுருமணிகளைக் கிழித்துக்கொண்டு அடிக்குப் போகும். படிவின் அடியில் வெள்ளை வளையம் தெரிந்தால் அது மாப்பொருள்தான். நாற்று இல்லாவிட்டால் பொன்னாங்காணியின் இளந்தளிர் இரண்டாந்தரமாகப் பரவாயில்லை.

கரைசல்கள்

பி.எச்சை மாறாமல் பிடிக்கும் தாங்கற்கரைசல் (சுருக்கமாகத் தாங்கி) 500 மில்லிலீற்றருக்கு: பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 1.70 கிராம், இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 1.78 கிராம். பின்னதின் போத்தலில் எத்தனை நீர் மூலக்கூறு என்று பாருங்கள். நீரற்றதென்றால்தான் 1.78, இரண்டு நீர் உள்ளதென்றால் 2.22, பன்னிரண்டு நீர் உள்ளதென்றால் 4.48 கிராம். இதைப் பார்க்காமல் நிறுத்துவதுதான் வழமையான பிழை. பி.எச் 7ஐ ஒட்டி வரும்.

பிரிப்புக் கரைசல்: மேற்படி தாங்கியில் சுக்குரோசு 34.2 கிராம், பொற்றாசியங் குளோரைட்டு 0.19 கிராம், மொத்தம் 250 மில்லிலீற்றர். சுக்குரோசு 0.4 மோலர் என்று கணக்கு. கடைச் சீனி வேலை செய்யும், ஆனால் வெள்ளைச் சீனியாக இருக்கட்டும்.

சாயம்: டி.சி.பி.ஐ.பி 10 மில்லிகிராமை 100 மில்லிலீற்றர் தாங்கியில் கரைத்து வடிகட்டி, கபில நிறப் போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு கிழமைக்கு மேல் வைக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் காய்ச்சி வடித்த நீரே. வாவியை ஒட்டிய ஊர்களின் கிணற்றுநீரில் உப்பு இருக்கும். அரைக்க மணல் போடுவதானால் கல்லடிக் கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். அதில் உப்பும் சிப்பித்தூளும் உண்டு. ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் நுரை நிற்கும்வரை ஊறவிட்டு, நீரில் பலதடவை அலசி, உலர்த்திய பின்பே எடுக்கலாம்.

கச்சான் அடிக்கும் மாதங்களில் மின்விசிறி போட்ட அறைகூட 33, 34 பாகைக்குக் குறையாது. அந்த வெப்பத்தில் பிரித்தெடுத்த பச்சையவுருமணி அரை மணித்தியாலம் தாக்குப்பிடிப்பதே பெரிது. ஆகவே உரல், குழவி, கரைசல், முகவை, மையநீக்கிக் குழாய் எல்லாம் முன்கூட்டியே ஐசில் இருக்க வேண்டும். மீனுக்கு வாங்கும் ஐஸ் போதும். பொலித்தீன் பையில் கட்டி, பையின் மேல் பாத்திரங்களை வையுங்கள்; உருகிய நீர் கரைசலில் விழக்கூடாது. ஐசில் உப்புப் போட வேண்டாம், குழாய்க்குள் கரைசல் உறைந்தால் மென்சவ்வு கெட்டுவிடும்.

அரைத்துப் பிரித்தல்

10 கிராம் இலையின் காம்பையும் நடுநரம்பையும் நீக்கி, சிறிதாக வெட்டி, 20 மில்லிலீற்றர் குளிர்ந்த பிரிப்புக் கரைசலோடு ஒரு நிமிடத்துக்குள் அரையுங்கள். மை போல அரைக்கக்கூடாது. திப்பி கொஞ்சம் பச்சையாகவே மிஞ்சட்டும். விளைச்சலை முழுக்க எடுக்கப் போய் நீண்டநேரம் அரைத்தால் கலப்புன்வெற்றிடத்தின் அமிலமும் பீனோலும் அதிகம் கலக்கும், சாறு கபிலமாகும்.

எட்டு மடிப்பு மல்துணியைக் குளிர்ந்த கரைசலில் நனைத்து அதனூடாக வடியுங்கள். இலேசாகப் பிழியலாம், முறுக்கக்கூடாது. வடித்ததை நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம் சுற்றி, படிவை எறிந்து, மேற்கரைசலை எடுங்கள். அதை 3000 சுற்றில் 10 நிமிடம் சுற்றுங்கள். சுழற்சி ஆரை 10 சென்ரிமீற்றர் உள்ள மேசை மையநீக்கியில் 3000 சுற்று என்பது புவியீர்ப்பின் ஏறத்தாழ 1000 மடங்கு. உங்கள் கருவியின் ஆரை வேறாக இருந்தால் ஆரை (சென்ரிமீற்றரில்) × சுற்றின் வர்க்கம் × 0.00001118 என்று கணக்கிடலாம்.

இனி மேற்கரைசலை முழுவதும் ஊற்றிவிடுங்கள். விற்றமின் சி எல்லாம் அதில்தான் இருக்கிறது. படிவை 10 மில்லிலீற்றர் புதிய கரைசலில் மென்மையான தூரிகையால் கலக்கி, மறுபடி 3000 சுற்றில் சுற்றி, கடைசியாக 3 மில்லிலீற்றரில் கலக்குங்கள். இந்தக் கழுவலைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் இருட்டுக் குழாயும் நிறம் நீங்கும். மையநீக்கி இல்லாத பாடசாலையில் வடித்த சாற்றையே நேராகப் போடலாம், ஆனால் அப்போது இருட்டுக் குழாயிலும் ஓரளவு நீலம் குறையும். ஒளிக்குழாய்க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் முடிவாகக் கொள்ள வேண்டும்.

குழாய்கள்

ஐந்து குழாய். முதலாவதில் சாயம் 5 மில்லிலீற்றர், பச்சையவுருமணிக் கலவை 0.5 மில்லிலீற்றர். இரண்டாவதில் அதே இரண்டும்; சாயம் ஊற்றுமுன்பே குழாயை அலுமினியத் தாளால் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். மூன்றாவதில் சாயமும் வெறும் பிரிப்புக் கரைசலும்: ஒளி தனியாகச் சாயத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்க. நான்காவதில் சாயமும், 5 நிமிடம் கொதிநீரில் வைத்து ஆற்றிய கலவையும். ஐந்தாவதில் சாயத்துக்குப் பதில் தாங்கற்கரைசல். நீலம் முற்றாகப் போனால் எந்தப் பச்சை மிஞ்சும் என்பதற்கு இதுவே ஒப்பீடு.

20 வாற்று வெள்ளை எல்.ஈ.டி விளக்கைக் குழாய்களிலிருந்து 15 சென்ரிமீற்றரில் வையுங்கள். பழைய குண்டு விளக்கென்றால் நடுவே நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி வேண்டும், இல்லாவிட்டால் சூடு ஏறிக் கலவை வெந்துவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைக் கவிழ்த்துக் கலக்குங்கள். முதலாவது குழாய் நீலப்பச்சையிலிருந்து ஐந்தாவதின் பச்சைக்கு வர எடுக்கும் நேரத்தைக் குறியுங்கள். 3 நிமிடத்துக்குள் முடிந்தால் கலவையை இரண்டு மடங்கு ஐதாக்குங்கள், அளக்க நேரம் கிடைக்கும்.

பிழைக்கும் இடங்கள். சாயம் இளஞ்சிவப்பானால் அது தாழ்த்தல் அல்ல, அமிலம்: பி.எச் 6க்குக் கீழே போனால் நீலம் சிவப்பாகும். தாங்கியைச் சரிபாருங்கள். நிறம் நீங்கிய குழாயை இருட்டில் வைத்துவிட்டுப் போய் வந்தால் மேல்விளிம்பில் மெல்லிய நீலம் திரும்பியிருக்கும். வளியின் ஒட்சிசன் சாயத்தை மறுபடி ஒட்சியேற்றுகிறது. அதனால் நேரத்தை உடனுக்குடன் எழுத வேண்டும். முதலாவது குழாய் அசையாமல் நீலமாகவே நின்றால், அரைத்து எவ்வளவு நேரமாயிற்று என்று பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.

ஒளிமானி இருந்தால் கண்ணை நம்பத் தேவையில்லை. கிண்ணத்தில் தாங்கி 2.45, சாயம் 0.5, கலவை 0.05 மில்லிலீற்றர், 600 நனோமீற்றரில் அகத்துறிஞ்சல் 1ஐ ஒட்டி வரும். பூச்சியத்தைச் சாயமில்லாத கலவையில் வையுங்கள், நீரில் அல்ல. 30 விநாடி ஒளி, உடனே வாசிப்பு, மறுபடி ஒளி. பச்சையத்தை அளக்க 0.05 மில்லிலீற்றர் கலவையை 4.95 மில்லிலீற்றர் 80% அசற்றோனில் கலக்கி, வடிகட்டி, 652 நனோமீற்றரில் வாசித்து 34.5ஆல் வகுங்கள். ஆர்னன் 1949இல் தந்த கணக்கு இது. வாசிப்பு 0.1035 என்றால் 0.003, நூறு மடங்கு ஐதாக்கியதால் கலவையில் மில்லிலீற்றருக்கு 0.3 மில்லிகிராம், கிண்ணத்தில் 0.015 மில்லிகிராம். 600இல் நிமிடத்துக்கு 0.21 குறைகிறதென்று கொள்வோம். சாயத்தின் அகத்துறிஞ்சற் குணகம் மில்லிமோலருக்கு 21 என்றால், 0.21ஐ 21ஆல் வகுக்க 0.01 மில்லிமோலர், 3 மில்லிலீற்றரில் 0.03 மைக்ரோமோல். அதாவது ஒரு மில்லிகிராம் பச்சையத்துக்கு நிமிடத்துக்கு 2, மணித்தியாலத்துக்கு 120 மைக்ரோமோல். இந்த 21 பி.எச்சோடு மாறும். உங்கள் தாங்கியிலேயே நாலைந்து செறிவுகளில் ஒரு நேர்கோடு வரைந்து எடுப்பது நல்லது.

கலவையின் தரத்தை அறிய ஒரு சின்னச் சோதனை. இதற்கு மட்டும் 0.05 மோலர் இருசோடியம் உப்புக் கரைசலையும் இருஐதரசன் உப்புக் கரைசலையும் 9க்கு 1 என்று கலந்து பி.எச் 7.7 அளவுக்குக் கொண்டுவந்து, சாயத்தையும் அதிலேயே கரையுங்கள். ஒரு குழாயில் 0.3 மோலர் அமோனியம் குளோரைட்டு 0.1 மில்லிலீற்றர் (100 மில்லிலீற்றரில் 1.6 கிராம்), மற்றதில் அதே அளவு நீர். அமோனியா மென்சவ்வைக் கடந்து உள்ளே குவிந்த புரோத்தன்களைப் பிடித்துக்கொள்ளும். அவற்றின் எதிரழுத்தம் தளர்ந்ததும் இலத்திரன் ஓட்டம் வேகமெடுக்கும். நீலம் தெளிவாக விரைந்து போனால் மென்சவ்வு முழுதாக இருக்கிறது. இரண்டு குழாயும் ஒரே வேகமென்றால் அது ஏற்கெனவே ஒழுகுகிறது.

டையூரோன் கிடைத்தால் 2.3 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் எதனோலில் கரைத்து, குழாய்க்கு 0.05 மில்லிலீற்றர் போடுங்கள். ஒளித்தொகுதி இரண்டிலிருந்து அடுத்த இலத்திரன் காவியான பிளாஸ்டோகுயினோனுக்குப் போகும் வழி அடைபட்டு நீலம் அப்படியே நிற்கும். ஒப்பீட்டுக் குழாய்க்கும் அதே அளவு எதனோல் வேண்டும். இது களைகொல்லி, கையுறை போடுங்கள், மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

சோளன் இலையில் ஆளி

சாயம் இலத்திரன் ஓடுவதைக் காட்டும். ஓடிய இலத்திரனைப் பச்சையவுருமணி செய்தியாகவும் பயன்படுத்துகிறது, அதைச் சாயம் காட்டாது. பெரெடொக்சினிலிருந்து ஒரு பங்கு இலத்திரன் தயோரெடொக்சின் என்ற சிறு புரதத்துக்குப் போகிறது. அது சில நொதியங்களின் இருசல்பைட்டுப் பிணைப்பை (இரு கந்தக அணுக்களுக்கிடையிலான பிணைப்பை) இரண்டு தயோல் கூட்டங்களாகத் திறந்து வேலைக்கு எழுப்புகிறது. இருட்டில் பிணைப்பு மறுபடி மூடும். இந்த ஆளியை (சுவிச்சை) நேரில் காண ஏற்ற நொதியம் என்.ஏ.டி.பி மலேற்று டிஐதரசனேசு. இது என்.ஏ.டி.பி.எச்சின் இலத்திரனை ஒட்சலோஅசற்றேற்றில் ஏற்றி அதை மலேற்று ஆக்கும். சோளன் சீ4 தாவரம், அதாவது காபனீரொட்சைட்டை முதலில் நாலு காபன் அமிலமாகப் பிடிக்கும் தாவரம். அதன் இலையில் இந்த நொதியம் தாராளம். படுவான்கரைச் சேனைச் சோளனோ வீட்டு முற்றத்துச் சோளனோ, மூன்று கிழமைக் கன்று போதும்.

ஒரு கன்றை இரவு முழுவதும் கறுப்புப் பொலித்தீனால் மூடிவையுங்கள், மற்றதைக் காலை ஒரு மணித்தியாலம் வெயிலில் விடுங்கள். நடுநரம்பு நீக்கிய 0.5 கிராம் இலையை 5 மில்லிலீற்றர் குளிர்ந்த கரைசலில் அரையுங்கள்: மெஸ் தாங்கி 50 மில்லிமோலர், பி.எச் 6.5, ஈ.டி.ரி.ஏ 1 மில்லிமோலர், மக்னீசியங் குளோரைட்டு 5 மில்லிமோலர். பி.எச்சை வேண்டுமென்றே தாழ்த்தியிருக்கிறோம்: தயோல் கூட்டங்கள் புரோத்தனோடு இருந்தால் வளியில் ஒட்சியேறுவது மெதுவாகும். இருட்டுக் கன்றின் இலையை விளக்கணைத்த அறையில் வெட்டுங்கள். வெயில் கன்றின் இலையை வெயிலிலேயே வெட்டி உடனே உரலில் போடுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் நிறுத்துக்கொண்டிருந்தால் ஆளி மூடத் தொடங்கிவிடும். எடையை முன்பே மதிப்பிட்டு வெட்டி, திருத்தமாகப் பிறகு கணக்கிடலாம். 12,000 மடங்கு ஈர்ப்பில் ஒரு நிமிடம் சுற்றி, தெளிந்த சாற்றை உடனே அளக்க வேண்டும்.

கிண்ணத்தில் திரிஸ் தாங்கி (100 மில்லிமோலர், பி.எச் 8) 0.75, 2 மில்லிமோலர் என்.ஏ.டி.பி.எச் 0.1, சாறு 0.05 மில்லிலீற்றர். ஒரு நிமிடம் 340ஐப் பாருங்கள், கோடு ஏறத்தாழக் கிடையாக நிற்க வேண்டும். பிறகு 20 மில்லிமோலர் ஒட்சலோஅசற்றேற்று 0.1 மில்லிலீற்றர் சேர்த்து இறக்கத்தை அளவிடுங்கள். குவாட்சுக் கிண்ணம் அவசியமில்லை, 340இல் சாதாரண பொலிசுரைரீன் கிண்ணம் போதும். ஒட்சலோஅசற்றேற்று அறை வெப்பத்தில் பைருவேற்றாகச் சிதையும், அன்றன்று கரைத்து ஐசில் வையுங்கள். என்.ஏ.டி.பி.எச் அமிலத்தில் கெடும், ஒட்சியேறிய என்.ஏ.டி.பி காரத்தில் கெடும். இரண்டையும் ஒரே தாங்கியில் நாட்கணக்கில் வைப்பது காசைக் கரைப்பது.

முழுக் கொள்ளளவை அறிய, 0.1 மில்லிலீற்றர் சாற்றோடு 0.1 மில்லிலீற்றர் 100 மில்லிமோலர் டி.ரி.ரி (இருசல்பைட்டுப் பிணைப்பைத் திறக்கும் சேர்வை; திரிஸ், பி.எச் 8.5) கலந்து 25 பாகையில் 30 நிமிடம் வைத்து, அதில் 0.05ஐ அளவிடுங்கள். என்.ஏ.டி.பி.எச்சின் குணகம் 6.22. உதாரணத்துக்கு: வெயில் சாற்றில் நிமிடத்துக்கு 0.187 இறக்கம் என்றால் மில்லிலீற்றர் சாற்றுக்கு 0.60 மைக்ரோமோல், டி.ரி.ரிக்குப் பின் 0.124 என்றால், பாதியாக ஐதாக்கியதைச் சேர்த்து 0.80. எழுந்து நின்ற பங்கு 75%. இருட்டுச் சாற்றில் பூச்சியம் வராது. இலையில் ஏராளமாக உள்ள என்.ஏ.டி மலேற்று டிஐதரசனேசு என்.ஏ.டி.பி.எச்சையும் சிறிதளவு பயன்படுத்தும், அந்த மிச்சத்தைப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

நேரம் இருந்தால் இன்னொரு குழாயும் வையுங்கள். இருட்டுச் சாறு, டி.ரி.ரி, அதோடு ஒட்சியேறிய என்.ஏ.டி.பி 1 மில்லிமோலர். 5, 10, 20, 30 நிமிடங்களில் அளந்தால், என்.ஏ.டி.பி இல்லாத குழாயைவிட நொதியம் மெதுவாக எழும்புவது தெரியும். ஒட்சியேறிய துணைநொதியம் நொதியத்தில் ஒட்டிக்கொண்டு பிணைப்பைத் திறக்க விடாமல் பிடிக்கிறது. பச்சையவுருமணிக்குள்ளும் இதுதான் நடக்கிறது: என்.ஏ.டி.பி தட்டுப்பாடாகி என்.ஏ.டி.பி.எச் குவிந்தால் மட்டுமே இந்த நொதியம் முழுதாகத் திறந்து, மிகையான இலத்திரனை ஒட்சலோஅசற்றேற்றில் ஏற்றி, மலேற்றாக வெளியே அனுப்புகிறது. 5ஆம் நிமிட வாசிப்பில்தான் வித்தியாசம் பெரிது. 30 நிமிடத்தில் மட்டும் அளந்தால் இரண்டு குழாயும் நெருங்கிவந்து, ஒன்றும் நடக்கவில்லை போலத் தோன்றக்கூடும்.